அப்பாயியின் மொய் நோட்டை முதலில் தேடுங்கள்

எங்கள் அப்பாயி தவறிப் பதினான்கு மாதம் ஆகிறது. புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். கொடுத்தே பழகிய, ஆனால் சொன்ன சொல்லை மாற்றாத ஒரு பெரிய மனுஷியை இழந்த வீடுகளுக்காக, நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதுகிறேன்.

பீரோவைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கிளம்புவதற்கு முன் அவர் கைப்பட எழுதிய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை நான்கு மொய் நோட்டுகள். அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, பேரன் பேத்தி எடுத்த வயதில் எழுத்துக் கற்றவர். அதற்குப் பிறகு மொய்க் கணக்கை வேறு யார் கையிலும் கொடுத்ததே இல்லை.

எங்கள் பக்கம் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஆள் போனாலும் கணக்கு பிள்ளைகள் மேல் நிற்கும். அதனால் விவரம் தெரிந்த மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அப்படிப் படித்தபோதுதான் சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுழி இருப்பதைப் பார்த்தோம். அத்தைக்குத்தான் அர்த்தம் தெரிந்திருந்தது. திரும்ப வாங்கக் கூடாத வீடுகள் அவை. புருஷன் இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள், போர் போட்டுத் தண்ணீர் வராமல் நொடித்தவர்கள். மொத்தம் பதினேழு சுழி. சித்தப்பா கணக்குப் போட ஆரம்பித்ததும் அத்தை சொன்னார்: "அம்மா போட்ட சுழிக்கு மேல யாரும் பேசக் கூடாது." அதோடு சரி.

பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, இரண்டு வேறு வீடுகளில் ஒவ்வொரு பிரதி வையுங்கள். பேனா மை மங்கிக்கொண்டே போகும்.

அடுத்தது, அவரை அறிந்தவர்களிடம் பேசிப் பதிவு செய்வது. "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமான மனுஷி" என்று முடித்துவிடுவார்கள். ஒரு நாளைச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த நாளைக் கேட்டோம். தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள். "இருக்கிற நெல்லை நமக்கு வைத்துக்கொள்வோம்" என்றார் என் அப்பா. அப்பாயி இடுப்புச் சாவியை எடுத்துப் பத்தாயத்தைத் திறந்தார். விழுந்த மட்டையை எரித்தே தெருவுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சினார். எதிர்வீட்டுப் பெரியம்மா இன்னொன்றும் சொன்னார்: அப்படிச் சொன்னதற்காக அப்பாயி ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லையாம். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார், மறுக்கவில்லை. இதையும் அழிக்காதீர்கள். பிடிவாதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மாலை போட்ட படம்தான், அவர் இல்லை.

சமையலில் நாங்கள் பாதியைத் தொலைத்துவிட்டோம். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பை மட்டும் அம்மாவை வைத்து மீட்டோம். அம்மாவுக்கும் கையளவுதான் தெரியும். ஒவ்வொரு பிடியையும் சட்டியில் போடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி எடை பார்த்து எழுதினேன். அப்பாயி இருக்கும்போதே இதைச் செய்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இன்னும் ஆள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய போட்டோவைப் பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம். பருத்திச் சேலைகளில் நைந்தது ஒன்றைத் தங்கை குழந்தைக்குத் தூளி கட்டினோம்.

திதிக்கு இறந்த தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஒரே நாளில் திதி மாறிவிடும். இறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும். தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று அன்றே எழுதி வையுங்கள்.

போன மாதம் சுழி போட்ட வீடு ஒன்றில் காதுகுத்து. நானும் அத்தையும் போனோம். மொய் எழுதுகிறவர் பெயர் கேட்டார். அத்தை அப்பாயி பெயரைச் சொன்னார். அவர் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே எழுதினார்.