நினைவு திருடும் ஜந்துக்கள்: ஊடாடும் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊடாடும் கதை, அதாவது அடுத்து என்ன செய்வது என்று படிப்பவரே தேர்ந்தெடுத்து விளையாடும் கதை, எழுதப் பழகுகிறவர்களில் பலருக்கு முதலில் தோன்றும் நாயகன், எல்லாவற்றையும் மறந்தவன். காரணம் புரிகிறது. விளையாடுபவருக்கும் அந்த உலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, நாயகனுக்கும் தெரியாது. இருவரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பலாம். அதோடு நினைவைத் தின்னும் ஜந்துக்களையும் சேர்த்தால் பயத்துக்குப் பயம், புதிருக்குப் புதிர். சமீபத்தில் புதியவர்கள் சிலர் எழுதிய இப்படிப்பட்ட கதைகளை அடுத்தடுத்து விளையாடினேன். நான் பழகிய காலத்தில் வந்த அதே பிழைகள் திரும்பவும் வரிசைகட்டி நின்றன. எழுத்துப்பிழை, அறுந்த லிங்க், முட்டுச்சந்தில் நிற்கும் கிளை இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேரிடம் விளையாடக் கொடுத்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கண்ணாடியில் தொடங்குவது

கண் விழித்து, கண்ணாடியில் முகம் பார்த்து, "நான் யார்?" என்று கேட்கும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

விளையாடுபவரும் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது

ஒரு இளைஞர் எழுதிய கதை. பாழடைந்த மருத்துவமனை, மருந்து அறைக் கதவில் நாலு இலக்கப் பூட்டு. எண் 4172. பழைய எக்ஸ்ரே உறை ஒன்றின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கும், அதைக் கண்டுபிடிக்க மூன்று அறைகளைத் துழாவ வேண்டும். நல்ல இடம், ரசித்துத்தான் தேடினேன். எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, மருந்து எடுக்க அந்தக் கதவைப் பல முறை திறந்தும் ஆயிற்று. பிறகு தாழ்வாரத்தில் ஜந்து வந்து நாயகனின் நெற்றியைத் தொட்டது. "எண் மறந்துவிட்டது" என்றது திரை. சரி என்று கதவுக்குப் போய் 4172 அடித்தேன். "உனக்கு அந்த எண் ஞாபகம் இல்லை" என்று பதில் வந்தது. மறுபடியும் மூன்று அறைகளுக்கும் போய், அதே உறையைத் திருப்பி, அதே எண்ணைப் பார்த்துவிட்டு வந்தால்தான் கதவு திறக்கும்.

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஜந்துவால் எனக்கு எதுவும் பறிபோகவில்லை. நடந்த பாதையிலேயே திரும்ப நடந்ததுதான் மிச்சம். விளையாடுபவர் மறக்கமாட்டார். எழுதி வைப்பார், போனில் படம் எடுப்பார். அதோடு மல்லுக்கு நிற்காமல், அதை வைத்தே எழுத வேண்டும்.

4172 வேலை செய்யட்டும். விரல்கள் தாமாகவே எண்ணை அழுத்தட்டும், நாயகன் தன் கையையே மிரண்டுபோய்ப் பார்க்கட்டும். இப்படி நடக்க முடியும் என்பதற்கு மருத்துவத்தில் சான்று உண்டு. அமெரிக்காவில் 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசனுக்கு, அதற்குப் பிறகு நடந்தது ஏறக்குறைய எதுவும் மனதில் தங்கவில்லை. ஆராய்ச்சியாளர் பிரெண்டா மில்னர் அவரை, கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்குள் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் முந்தின நாள் வரைந்தது அவருக்கு நினைவே இல்லை.

சரி, எண்ணை விட்டுவிட்டால் ஜந்து எதைத்தான் திருடுவது? கதவுக்குப் பின்னால் கட்டிலில் நாயகனின் தங்கை இருக்கிறாள் என்று வையுங்கள். அதுவரை அவளை "மீனா" என்று சொல்லிவந்த வரிகள், திருட்டுக்குப் பிறகு "ஒரு பெண்" என்று சொல்லட்டும். "மீனாவைத் தூக்கிக்கொள்" என்றிருந்த சாய்ஸ் "யாரென்று கேள்" என்று மாறட்டும். துஷ்யந்தன் சபையில் சகுந்தலை நிற்கும்போது நாடகம் பார்க்கிற எல்லாருக்கும் அவள் யாரென்று தெரியும், அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது. நமக்கு வேண்டிய வலி அதுதான். விளையாடுபவரின் ஞாபகம் இல்லாவிட்டால் அது கிடைக்கவே கிடைக்காது.

கதையை இயக்கும் புரோகிராம் கோடிலும் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். இங்க், ட்வைன் இரண்டும் ஊடாடும் கதை எழுத உதவும் கருவிகள். கதையின் ஒவ்வொரு பகுதியையும் எத்தனை முறை கடந்தோம் என்று இங்க் தானாகவே எண்ணி வைக்கும். ட்வைனில் சுகர்கியூப் என்ற கதை வடிவத்தைப் பயன்படுத்தினால், அதே எண்ணிக்கையைச் சொல்ல அங்கே விசிட்டட் என்ற கட்டளை இருக்கிறது. புதியவர்கள் அந்த எண்ணிக்கையையே "நாயகனுக்குத் தெரியும்" என்பதற்கு நிபந்தனையாகப் போட்டுவிடுகிறார்கள். ஜந்து வந்து போன பிறகும் எண்ணிக்கை குறையாது. மறந்தவன் மீனாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தெரிந்ததற்கென்று தனி வேரியபிள் (மதிப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு குறிப்பு) வையுங்கள், திருட்டு அதை மட்டும் ஃபால்ஸ், அதாவது "இல்லை", ஆக்கட்டும்.

இன்னொன்று. இங்க்கில் நட்சத்திரக் குறி போட்ட சாய்ஸ் ஒரு முறை தேர்ந்ததும் மறைந்துவிடும். "உன் பேர் என்ன?" என்ற கேள்வியை அப்படி எழுதினால், மறந்தவன் மறுபடி கேட்க வழியே இல்லை. எத்தனை முறை தேர்ந்தாலும் மறையாத கூட்டல் குறி போட்டு, அந்த வேரியபிளை நிபந்தனையாக வையுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது அவள் பதிலும் மாற வேண்டும். "காலையில்தானே சொன்னேன், அண்ணா."

பின்னால் போகும் அம்பை விட்டுவைப்பது

ட்வைனின் இன்னொரு கதை வடிவமான ஹார்லோவிலும், சுகர்கியூபிலும் பின்னால் போகும் அம்பு ஓரத்தில் இயல்பாகவே இருக்கும். ஜந்து தொட்டதும் அதை ஒரு தட்டு தட்டினால் நினைவு திரும்பிவிடும். சுகர்கியூபில் ஹிஸ்டரி கன்ட்ரோல்ஸ் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் அம்பு போய்விடும். சேவ் வசதியில் மட்டும் கை வைக்காதீர்கள்; பஸ்ஸில் நின்றுகொண்டு விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு நினைவுக்கும் ஒரு கிளை பிரிப்பது

பத்து நினைவுகள், ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது போகலாம் என்றால் 1024 நிலைகள். எழுதி மாளாது. காட்சி ஒன்றாகவே இருக்கட்டும், அதற்குள் வரிகளை மட்டும் மாற்றுங்கள்.

ஜந்துவின் வம்ச வரலாறு

யாரும் படிப்பதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு திருடுவது

எந்த நினைவு போகும் என்பதை ரேண்டமாக விடுகிறார்கள். எதிர்பாராமல் நடந்தால் பயமாக இருக்கும் என்று கணக்கு. விளையாடுபவருக்கோ அது வெறும் துரதிர்ஷ்டமாகத்தான் படுகிறது. அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்: வெளியே போகும் வழியைக் கொடுப்பதா, அம்மாவின் குரலைக் கொடுப்பதா? இரண்டும் அதற்குள் அவருக்குப் பழகியிருக்க வேண்டும். அம்மாவின் குரலை ஜந்து விலையாகக் கேட்பதாக இருந்தால், முன்னால் இரண்டு காட்சியிலாவது அந்தக் குரல் நாயகனை இருட்டில் கைப்பிடித்து நடத்தியிருக்கட்டும்.