முதல் வாடகை ஃபிளாட்டைக் குறைந்த செலவில் அழகாக்குவது எப்படி? டர்பனிலிருந்து ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஓவர்போர்ட் பகுதியில் ஒரு படுக்கையறை ஃபிளாட். முன்பணமும் முதல் மாத வாடகையும் கட்டிய பிறகு வீட்டை அழகாக்க என்னிடம் மிஞ்சியது 3,000 ராண்டு. மெத்தையும் ஃபிரிட்ஜும் அம்மா வீட்டிலிருந்து வந்துவிட்டன. ஆக, இந்தத் தொகை முழுக்க ஜன்னல், சுவர், வெளிச்சம், உட்காரும் இடம் இவற்றுக்குத்தான். இதே நிலையில் பலரும் முதலில் சோபா தேடிப் போகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர்: ஜன்னலையும் விளக்கையும் முதலில் முடியுங்கள். அவை இரண்டும் சரியாக இருந்தால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தாலும் வீடு வீடாகத் தெரியும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் நீங்கள் செய்யும் எதையும் கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போக முடிய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொன்றையும் அந்தக் கணக்கில்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஆணி அடிப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிபோகும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இருக்கும் குறைகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். காலி செய்யும்போதும் அதே போலச் சேர்ந்து பார்க்க வேண்டும். முன்பணத்தை வட்டி வரும் கணக்கில் வைத்திருக்க வேண்டும், அந்த வட்டி உங்களுக்குச் சேர வேண்டும். பாக்கியோ சேதமோ இல்லையென்றால் 7 நாளுக்குள் பணம் திரும்ப வர வேண்டும். எனவே சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் கறையையும் படம் எடுங்கள். ஓட்டை போட அனுமதி கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்மொழி அனுமதி போதாது.

பூசணம்

கடலோர ஈரக் காற்றில் டர்பன் சுவர்களில், அதுவும் அலமாரிக்குப் பின்னாலும் குளியலறைக் கூரையிலும், கருப்புப் புள்ளிகள் வரும். அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் சில வாரங்களில் மறுபடி எட்டிப் பார்க்கும். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் பிளீச் (இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஜிக் போதும்) கலந்து, கையுறை போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்துத் துடையுங்கள். முதலில் மறைவான ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள், சில பெயிண்டுகள் வெளுத்துவிடும். பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள கிளீனரையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

அப்புறம் அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பின்னால் காற்று ஓடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஈரம் கசிந்தால் அது குழாய்க் கோளாறாகவோ கூரைக் கசிவாகவோ இருக்கலாம். அது வீட்டுக்காரர் வேலை, உங்கள் பணத்தைப் போடாதீர்கள்.

டர்பனின் பெரேயா பக்கம் 1930-களில் கட்டிய ஆர்ட் டெக்கோ கட்டடங்களில் குடிபோகிறவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

சேலைத் திரை

கடையில் விற்கும் தரைவரை நீளும் கர்ட்டன்களின் விலையைப் பார்த்துவிட்டு அம்மாவின் பழைய பெட்டியைத் திறந்தேன். ஒரு சேலை சுமார் 5.5 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். 1.2 மீட்டர் அகல ஜன்னலுக்கு ஒரே சேலை போதும்.

முதலில் முந்தானையை, ஏறக்குறைய 70 சென்டிமீட்டர், வெட்டித் தனியே வையுங்கள். அதை விட்டுவைத்தால் ஒரு திரையில் மட்டும் முந்தானை தொங்கி, ஜோடி பொருந்தாது. மீதியைச் சரிபாதியாக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் வரும். மேலே கம்பி நுழைய 8 சென்டிமீட்டர், கீழே 10 சென்டிமீட்டர் மடித்துத் தைத்தால் 2.2 மீட்டர் திரை. சேலையின் கரை இரண்டு பக்கமும் நெடுக இருப்பதால் பக்க ஓரம் தைக்கும் வேலையே இல்லை. தையல் மெஷின் இல்லாதவர்கள் கிளிப் வளையம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பருத்தியோ பாலியெஸ்டரோ எடுங்கள். பட்டு வேண்டாம், வெயிலில் இழை நைந்துபோகும். பூமியின் தென்பாதியில் இருக்கிறோம், வெயில் வடக்குப் பக்க ஜன்னலில்தான் நாள் முழுக்க அடிக்கும். அந்த ஜன்னலுக்கு மட்டும் பின்னால் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை உள்துணியாகத் தையுங்கள். வீட்டில் பழைய சேலை இல்லாதவர்கள் டாக்டர் கூனம் தெருவுக்குப் போகலாம். பெரியவர்களுக்கு அது இன்னமும் பழைய பெயரில் பிரின்ஸ் எட்வர்ட் தெருதான்.

கம்பி மாட்டுவது: இங்கேதான் நிதானம் வேண்டும்

எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை இது. இணையத்தில் எல்லோரும் "ஜன்னலுக்கு மேல் இரண்டு ஓட்டை போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஜன்னலுக்கு நேர் மேலே பெரும்பாலும் செங்கல் இல்லை, கான்கிரீட் லிண்டல் (மேல்சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம்) இருக்கிறது. சாதாரண டிரில் அதில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பிட் சூடாகி முனை மழுங்கும். இன்னும் அழுத்தினால் சுவர்ப் பூச்சுதான் பெயரும்.

இந்த லிண்டல்களுக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. மேலே இருக்கும் சுவரின் பாரத்தைத் தாங்குவதே அவைதான். அதனால் பெரிய டிரில் வாடகைக்கு எடுத்துத் துளைப்பது தீர்வாகாது. லிண்டலை விட்டு விலகிப் போவதே தீர்வு.

எங்கே விலகுவது? டிரில் கக்கும் தூளின் நிறத்தைப் பாருங்கள். முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை வெளிர்சாம்பல் தூள் வரும், அது பூச்சு. அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல், தைரியமாகத் தொடரலாம். சாம்பல் தூளே தொடர்ந்து வந்து பிட்டும் நின்றுவிட்டால் அது லிண்டல், உடனே நிறுத்துங்கள். (சிமெண்ட் கல் வைத்துக் கட்டிய சுவராக இருந்தால் தூள் கடைசிவரை சாம்பலாகவே வரும், ஆனால் பிட் சுலபமாக இறங்கும்.)

லிண்டல் ஜன்னலின் இரு பக்கமும் 15 சென்டிமீட்டராவது சுவருக்குள் நீண்டிருக்கும். ஆகவே நான் 1.8 மீட்டர் நீளத்தில் ஒரு பைன் ரீப்பர் (மரச்சட்டம்) வாங்கினேன். 2 சென்டிமீட்டர் தடிமன், 7 சென்டிமீட்டர் அகலம். அதைச் சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, ஜன்னலுக்கு மேல் இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் நீளும்படி வைத்து, இரண்டு முனைகளில் மட்டும் செங்கலில் திருகினேன். கம்பியின் கொக்கிகளெல்லாம் ரீப்பரில்தான். கொக்கியை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், சுவரில் மொத்தம் நான்கே ஓட்டை. கம்பி ஜன்னலைவிட அகலமாக இருப்பதால் பகலில் திரையை முழுக்க ஒதுக்கிவிடலாம், கண்ணாடி முழுவதும் வெளிச்சம் தரும். ஜன்னலும் பெரிதாகத் தெரியும்.

ஓட்டை போடும் முறை இது. குறி வைத்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. 6 மில்லிமீட்டர் சுவர் பிட்டில் எத்தனை ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பூச்சைத் தாண்டும் வரை ஹேமர் இயக்கத்தை அணைத்து வையுங்கள், செங்கல் வந்ததும் போடுங்கள். துளைத்து முடித்ததும் உள்ளே இருக்கும் தூளை ஊதி வெளியேற்றுங்கள். தூள் இருந்தால் ராவல் பிளக் (திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) பிடிக்காது. பிளக் பூச்சில் நிற்கக் கூடாது, செங்கலுக்குள் போய்ச் சேர வேண்டும். ரீப்பர் 20, பூச்சு 15, செங்கலுக்குள் 35 என்று கூட்டினால் 70 மில்லிமீட்டர் திருகாணி வேண்டும். கடைக்காரர் பிளக்கோடு சேர்த்துக் கொடுக்கும் குட்டித் திருகாணி இந்த வேலைக்குப் போதாது. கால்வனைஸ் செய்ததையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ வாங்குங்கள், உப்புக் காற்றில் சாதா இரும்பு துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இழுக்கும்.

சுவிட்ச், பிளக் பாயிண்ட் இவற்றுக்கு நேர் மேலேயும் கீழேயும் நேர் பக்கவாட்டிலும் துளைக்கவே கூடாது. வயர் ஓடும் பாதை அது.

கருவிகளைப் பற்றி என் கருத்து: ஐம்பது சாமான் அடங்கிய மலிவு டூல் பெட்டியை வாங்காதீர்கள். ஹேமர் டிரில்லை மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கடன் கேளுங்கள், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் கராஜ் வைத்திருக்கும் யாராவது ஒருவர் நம் குடும்பத்தில் இருப்பார். ஆனால் பிட் மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். ஒரு ரசமட்டமும் வாங்குங்கள். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் சின்னப் படத்துக்குச் சரி, 1.8 மீட்டர் ரீப்பருக்கு ஆகாது.

பேலட் மேசை

டர்பன் துறைமுக ஊர், பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கிடைப்பது கஷ்டமில்லை. கடைக்காரரிடம் கேட்டு எடுங்கள். நீல நிறம் பூசியவை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து, தொட வேண்டாம். மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்டி' (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, உள்மரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. அதை எடுக்கலாம். 'எம்பி' (MB) என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது. அதையும் முத்திரையே இல்லாததையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எண்ணெய்க் கறை, வாடை இருந்தாலும் வேண்டாம்.

பலகைகளைப் பிரித்தெடுக்கப் பார்த்தால் பாதி பிளந்துபோகும். முழு பேலட்டையே மேசையாக்குங்கள். பால்கனியிலோ முற்றத்திலோ முகக்கவசத்தோடு முதலில் 80-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 120, அதன் மேல் தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு பூச்சு, அடியில் நாலு சக்கரம். முடிந்தது.

பழைய மர நாற்காலி, அலமாரி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். இந்தக் கரையோரத்தில் உலர்மரக் கரையான் அதிகம். இழுப்பறைக்கு அடியில் மணல் போன்ற சிறு உருண்டைகள் குவிந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஒரு நாற்காலியில் வந்தது கதவு நிலைக்கும் பரவலாம். நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் வீடு விற்கும்போது பூச்சி இல்லை என்று சான்றிதழ் கேட்கும் வழக்கமே இது போன்ற மரம் அரிக்கும் பூச்சிகளால்தான்.

குஷன் உறை

ஷ்வெஷ்வே (இங்கே பிரபலமான அச்சிட்ட பருத்தித் துணி) வாங்குங்கள், நீலத்திலும் காவியிலும் சேலைக் கரையோடு அழகாகச் சேரும். கடையில் விறைப்பாகக் கஞ்சி போட்டபடி இருக்கும். வெட்டுவதற்கு முன் கட்டாயம் துவைத்துக் காயவையுங்கள், சுருங்கும். துணி 90 சென்டிமீட்டர் அகலம். 1.1 மீட்டர் வாங்கினால் 40 சென்டிமீட்டர் குஷன் இரண்டுக்கு உறை வரும்: 43 அகலம், 100 நீளத்தில் இரண்டு துண்டு, பின்னால் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து மூடும். ஜிப் தேவையில்லை. எடுத்துவைத்த முந்தானையை நடுவில் பட்டையாக வைத்துத் தைத்தால் திரையும் குஷனும் ஒரே குடும்பமாகிவிடும்.

விளக்கு

கூரையில் இருக்கும் ஒற்றை வெள்ளை பல்ப் அறையை ஆஸ்பத்திரி ஆக்கிவிடுகிறது. இரண்டு மேசை விளக்கு, மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்இடி பல்ப் போதும். வாங்கும்போது ஹோல்டரைப் பாருங்கள், இங்கே பின் மாட்டும் வகை, திருகும் வகை இரண்டும் புழக்கத்தில் உண்டு. ஒன்றாவது சார்ஜ் ஏறும் பல்பாக இருக்கட்டும், கரண்ட் போனாலும் எரியும். சுவருக்குள் இருக்கும் வயரில் மட்டும் கை வைக்காதீர்கள், அது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

சாமி விளக்குக்குத் தனி இடம் வேண்டும். மேலே தட்டு இல்லாத, திரை பறந்து வந்து படாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். விளக்கின் அடியில் ஒரு டைல் வையுங்கள், கடையில் மிஞ்சிய ஒற்றை டைல் மலிவாகக் கிடைக்கும். எண்ணெய் சிந்தினாலும் ஒரு துடைப்பில் போய்விடும்.

பிறகு சேர்த்தது

ஓட்டை போட வீட்டுக்காரர் ஒப்பவே இல்லை, என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இங்குள்ள பழைய இரும்பு ஜன்னல்கள் வெளிப்பக்கமாகத் திறப்பவை. ஆகவே ஜன்னல் குழிக்குள், இரு பக்கச் சுவருக்கும் இடையே, ரப்பர் முனை உள்ள ஸ்பிரிங் கம்பியை இறுக்கி நிறுத்தலாம். திரையை ஜன்னல் அளவுக்குக் குட்டையாகத் தையுங்கள். கனமான உள்துணி வேண்டாம், கம்பி வழுக்கும்.

ஒட்டும் கொக்கிகள் விழுந்துவிடுகின்றன என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள், ஒட்டியபின் ஒரு மணி நேரம் எதையும் மாட்டாதீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். குளியலறையிலும் சொரசொரப்பான சுவரிலும் ஒட்டும் கொக்கியை நம்ப வேண்டாம்.

காலி செய்யும்போது அந்த நாலு ஓட்டையை எப்படி மூடுவது என்றும் பலர் கேட்டார்கள். பிளக்கைத் திருகாணியோடு சேர்த்துக் குறடால் இழுத்தெடுங்கள். ஓட்டையை ஈரமாக்கி, சுவர் புட்டியை இரண்டு தடவையாக நிரப்புங்கள், ஒரே தடவையில் நிரப்பினால் காய்ந்ததும் குழியும். காய்ந்ததும் புட்டியை லேசாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். குடிபோன அன்றே வீட்டுக்காரரிடம் அந்தச் சுவரின் பெயிண்ட் பெயரையும் எண்ணையும் கேட்டு வைத்திருந்தால், ஒரு சின்ன டின்னில் வேலை முடிந்துவிடும்.