லினக்ஸ் பூட் ஆகவில்லையா? கடைசி வரியைப் படித்துவிட்டு கை வையுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் புதிதல்ல. கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸில்தான் அவர்கள் கணினி கற்கிறார்கள். ஆயினும் ஐப்பசி இடிமழையில் மின்சாரம் சட்டென்று போய், மறுநாள் கணினி கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவை இராது.

முதலில் திரையில் நிற்கும் கடைசி வரியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கணினி தொடங்கும்போது, அதாவது பூட் ஆகும்போது, பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ (மதர்போர்டிலுள்ள தொடக்க மென்பொருள்), கிரப் (இயங்குதளத்தைத் தேர்ந்து தொடங்கும் நிரல்), கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), சிஸ்டம்டி (மற்ற சேவைகளைத் தொடங்கும் நிரல்) என்ற வரிசையில் பொறுப்பு கைமாறி வருவதால், எதுவரை வந்து நின்றது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

கிரப்பே வரவில்லையென்றால், பயாஸுக்குள் சென்று ஹார்ட் டிஸ்க் பட்டியலில் இருக்கிறதா, பூட் வரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியில் தேதியும் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும்.

அப்டேட் செய்தபின் நின்றதா? கணினியைத் தொடங்கியதும் ஷிஃப்ட் விசையையோ, யூஇஎஃப்ஐ கணினியானால் எஸ்கேப் விசையையோ அழுத்தினால் கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

மின்தடைக்குப் பின் அடிக்கடி காண்பது, அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டிக் காத்திருக்கும் திரை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனதால் கோப்பு முறைமையில் பிழை ஏற்பட்டு, தானாகச் சரிசெய்ய இயலாமல் கணினி உங்களைக் கேட்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'எக்ஸிட்' என்று தட்டி என்டர் அழுத்தினால், பழுதான டிஸ்க் பகுதியின் (பார்ட்டிஷன்) பெயர், எடுத்துக்காட்டாக எஸ்டிஏ2, பிழைச்செய்தியில் தெரியும். பிறகு 'எஃப்எஸ்சிகே' என்ற கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, அந்தப் பெயரைத் திரையில் கண்டபடியே முன்னாலுள்ள சாய்கோடு, 'டெவ்', சாய்கோடு ஆகியவற்றோடு சேர்த்துத் தட்டுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் திருத்தலாமா என்று கேட்கும். 'ஒய்' என்று பதில் சொல்லி, முடிந்ததும் 'ரீபூட்' கொடுங்கள். திருத்தத்தில் சில கோப்புகள் இடம் மாறவோ இழக்கப்படவோ கூடும் என்பதால், விலைமதிப்புள்ள கோப்புகள் இருந்தால் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென் டிரைவ்) பூட் செய்து முன்கூட்டியே நகலெடுத்துவிடுவது என் கட்டாயப் பரிந்துரை. மவுன்ட் ஆகியிருக்கும், அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும் பகுதியின்மீது இக்கட்டளையை ஒருபோதும் இயக்காதீர்கள். மின்தடையே இல்லாமல் இதே பிழை திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்தான் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று ஐயப்பட்டு, மாற்றுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

'எமர்ஜென்சி மோடு' என்று வந்தால், கழற்றிவிட்ட இரண்டாவது டிஸ்க்கின் வரி, தொடங்கும்போது இணைக்கவேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி இட்டால் போதும்.

எல்லாம் கடந்து, கடவுச்சொல் கொடுத்தும் நுழைவுத் திரையே திரும்ப வருகிறதென்றால், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்தழுத்தி எழுத்துத் திரையில் உள்நுழைந்து, 'டிஎஃப்' கட்டளையால் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் 'சூடோ ஆப்ட் கிளீன்' கட்டளை, இறக்கிவைத்த நிறுவல் கோப்புகளை நீக்கிச் சற்று இடம் தரும்.