கடிகாரத் தட்டில் கிளம்பிய பித்தளைக் கம்பி

உத்தரப் பிரதேசத்து மைன்புரியில் சீஷம் என்ற ஈட்டி வகை மரத்தில் பித்தளைக் கம்பி பதிக்கும் வேலைக்குத் தார்கஷி என்று பெயர். தோலைத் தீட்டென்று ஒதுக்கியவர்கள் அணிந்த மரப்பாதுகைகளில் செழித்த வேலை. பாதுகை போய்விட்டது, பெட்டி, தட்டு என்று வேலை தங்கிவிட்டது. அப்படியொரு வட்டப் பலகையைச் சுவர்க் கடிகாரமாக்கினேன்.

ஏசி அறையில் மரம் வற்றி, சில கம்பிகள் தலைதூக்கின. மர ரேகைக்குக் குறுக்கே ஓடியவை மட்டும்! மரம் அகலவாக்கில் சுருங்கும், பித்தளை சுருங்காது. மிஞ்சிய நீளம் மேலே வளைகிறது.

ஃபெவிக்விக் வைத்தால் போதும் என்றார்கள். வழிந்தால் வெள்ளைக் கறை; நான் தொடவில்லை. ஊசியால் பள்ளத்து அழுக்கை எடுத்து, கம்பி நுனியை மயிரிழை நறுக்கி, சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். அறுந்த இடத்துக்குப் புதுக் கம்பி: பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, தட்டிப் பட்டையாக்கி, பட்டை நிமிர்ந்து நிற்கும்படி இறக்கினால் மரமே கவ்விக்கொள்ளும். பிறகு மெல்லிய அரம், உப்புத்தாள். ரேகையோடுதான் தேய்க்கணும், குறுக்கே போனால் கீறலில் பித்தளைத் தூள் ஏறி மரம் மங்கும்.

கடைசியாக அரக்குப் பாலிஷ், பின்பக்கமும் சேர்த்து. பின்பக்கத்தை விட்டுவிட்டால் பலகை ஒருபக்கம் வளையும்.