ஃப்ரிட்ஜ் தண்ணீர் தரைக்கு வருகிறதா?

உங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுத் தரை ஓடு) என்றால் கவனம்: அது சிமெண்ட்டில் வார்த்தது, ஈரத்தை உறிஞ்சும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்.

பெரும்பாலும் வடிகால் துளை அடைப்புதான் காரணம். ஃப்ரீசரில் உருகும் பனி அந்தத் துளை வழியே இறங்கி, பின்னால் கம்ப்ரசர் பக்கமுள்ள தட்டில் சேர்ந்து சூட்டில் ஆவியாக வேண்டும். ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு போதும், வழி அடைபட்டுத் தண்ணீர் காய்கறிப் பெட்டியில் நிறைந்து வெளியே வழியும்.

முதலில் பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்துப் பனியை முழுதும் உருக விடுங்கள். கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய் ஓட்டையானால் செலவு பெரிது. உள்ளே பின்சுவரின் அடியில் துளை தெரியும். ஊசியில்லாத 50 மி.லி. சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரை எடுத்து, நிதானமாக மூன்று நான்கு முறை செலுத்துங்கள். பின்தட்டில் சொட்டும் சத்தம் கேட்டால் அடைப்பு விட்டது. வழவழப்பு இருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றலாம்.

இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கும்) ஃப்ரிட்ஜில் துளை ஃப்ரீசரின் பின்பலகைக்குள் மறைந்திருக்கும்; பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

பனி அடிக்கடி கட்டினால் கதவு ரப்பரைப் பாருங்கள். இடையில் வைத்த ரூபாய் நோட்டு இழுத்ததும் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.