கால் பிரண்டால் எங்கே அழுத்திப் பார்ப்பது?

"விரலை ஆட்ட ஏலுதுதானே, அப்ப முறிவில்லை." திருகோணமலையில் கோணேசர் கோயில் படியில் வழுக்கியவருக்கும் உப்புவெளிக் கரையில் பந்தடித்துக் காலை மடக்கியவருக்கும் சுற்றி நிற்பவர்கள் சொல்வது இதுதான். இது பிழை. விரலை ஆட்டும் தசைகள் கெண்டைக்காலிலும் பாதத்திலும் இருக்கின்றன. கணுக்கால் எலும்பு உடைந்தாலும் விரல் ஆடும். வீக்கத்தையும் நம்ப முடியாது. மூட்டு நார் கிழிந்த சுளுக்கு முட்டைபோல் வீங்கி நீலம் பாரிக்கும், சில கீறல் முறிவுகள் அவ்வளவு வீங்காது.

கால் கோணிக்கொண்டு நின்றால், எலும்பு வெளியே தெரிந்தால், பாதம் குளிர்ந்து வெளிறினால் அல்லது மரத்துப்போனால், சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். காலை நேராக்காமல், இருந்தபடியே தலையணையால் அணைத்துக் கட்டி 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு, எக்ஸ்ரே தேவையா என்று முடிவெடுக்க ஒட்டாவா விதி உதவும். கனடாவில் 1992இல் வெளியான இதை வைத்தியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகளான வெளிமொளி, உள்மொளி இரண்டிலும் நுனியையும், அங்கிருந்து மேலே 6 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய மூன்று விரலகலம் வரை பின்விளிம்பையும் விரல் நுனியால் அழுத்துங்கள். பின்பு பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பு. கடைசியாக உள்மொளிக்குச் சற்று முன்னே, பாத வளைவின் மேலுள்ள எலும்பு. எலும்பிலேயே சுரீரென்று வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். விழுந்த உடனேயும் இப்போதும் நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் வேண்டும். நொண்டி நடந்தாலும் நடைதான். வெளிமொளிக்கு முன்னும் கீழுமுள்ள மெத்தென்ற குழியில் மட்டும் வலித்தால் பெரும்பாலும் சுளுக்கு.

சிறு பிள்ளைகள், மது அருந்தியவர்கள், நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் விடயத்தில் இந்தச் சோதனையை நம்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வளரும் பிள்ளைகளுக்கு மூட்டு நாரைவிட, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித்தட்டு பலவீனமானது. நார் தாங்க, தட்டு விட்டுவிடும்.

சுளுக்கென்றால் முதலில் கொலுசையும் மெட்டியையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். ஐஸை, மீன் வாடியில் வாங்கியதென்றாலும் சரி, பொலித்தீன் பையிலிட்டுத் துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். முதல் இரண்டு நாளும் விழித்திருக்கையில் 2, 3 மணித்தியாலத்துக்கொரு தடவை. தோலில் நேரடியாக வைத்தால் புண்ணாகும்.

4 அங்குல கிறேப் பண்டேஜைப் பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்து விரலடியில் தொடங்கி, முன் சுற்றில் பாதியை மூடியபடி, கணுக்காலில் எட்டு வடிவில் கொண்டுபோய்க் கெண்டைக்காலில் முடியுங்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால் 2 செக்கனில் சிவப்புத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் தளர்த்திக் கட்டுங்கள். இரவில் கழற்றிவிடலாம். காலைக் கதிரையில் நீட்டினால் போதாது, படுத்து நெஞ்சைவிட உயரமாக வையுங்கள்.

வலிக்கு வளர்ந்தவருக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கொரு முறை. ஒரு நாளில் 8க்கு மேல் கூடாது. ஈரல் நோயுள்ளவர்களும் எடை குறைந்தவர்களும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். காய்ச்சலும் இருந்தால் இபுபுரோபன், டைக்குளோபினாக் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

முதல் 3 நாள் எண்ணெய் போட்டு உருவுவதும் சுடுநீர் ஒத்தடமும் உள்ளே கசிவைக் கூட்டும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போக ஆசையென்றால் வீக்கம் வடிந்த பிறகு போகலாம். முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிறவர்களும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள். விலகிய மூட்டெலும்பு அப்படியே பொருந்திவிட்டால் பின்னாளில் தேய்மானம் வரும்.

வலி அடங்கத் தொடங்கியதும், 2, 3 நாளில், பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் 30 செக்கன் நிற்கப் பழகுங்கள். இதை விட்டவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிரளும். லேசான சுளுக்கு 1, 2 கிழமையில் தேறும், நார் முழுதாகக் கிழிந்தால் 6 முதல் 12 கிழமை. சரிவான கடற்கரை மணலில் ஓடுவதைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு கிழமையாகியும் காலூன்ற முடியவில்லையென்றால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மீண்டும் காட்டுங்கள். கீறல் முறிவு சில நேரம் 10 முதல் 14 நாள் கழித்தே படத்தில் தெரியும்.