பத்துச் செங்கல் அகலத்தில் மாரியோ: கையடக்கத் தாவல் விளையாட்டை எடைபோடுவது எப்படி?

கையடக்கக் கருவிக்கென்றே செய்யப்பட்ட ஒரு தாவல் விளையாட்டின் (நாயகன் ஓடித் தாவித் தடைகளைக் கடக்கும் வகை வீடியோ கேம்) நிறைகுறைகளைச் சொல்ல முனைபவர், ஆடத் தொடங்குவதற்கு முன்பே அதன் திரையை அளந்துகொள்வது நல்லது. அந்த அளவு தெரியாமல் எழுதப்படும் மதிப்பீடு, பெரும்பாலும் தொலைக்காட்சியில் ஆடிய விளையாட்டோடு ஒப்பிட்டு, அதில் இருந்தது இதில் இல்லையே என்று குறைபட்டுக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. எப்படி அளப்பது, அளந்தபின் எதை எங்கே பார்ப்பது என்பதை விளக்க, நின்டென்டோ நிறுவனம் கேம் பாய் கருவிக்காக 1992 அக்டோபரில் ஜப்பானில் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ லேண்ட் 2: 6 கோல்டன் காயின்ஸ்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விளையாட்டு கேம் பாயில் வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் அளவு

கேம் பாயின் திரை 160 புள்ளி (பிக்சல்) அகலமும் 144 புள்ளி உயரமும் உடையது. அதற்கு முன் நாயகன் மாரியோ ஓடிய தொலைக்காட்சிக் கருவியின் படம் 256 புள்ளி அகலம். அங்கே விளையாட்டின் தரையையும் தடைகளையும் கட்டும் சதுரத் துண்டான ஒரு செங்கல் 16 புள்ளி என்பதால், ஒரே பார்வையில் பதினாறு செங்கல் தூரம் தெரியும். 1990களில் டிவியோடு இணைத்து, கேசட் செருகி ஆடிய நம் ஊர்ப் பிள்ளைகளின் கண்ணும் விரலும் பழகியது அந்தத் தூரத்துக்குத்தான். 1989இல் கேம் பாயுடனேயே வெளிவந்த முதல் 'சூப்பர் மாரியோ லேண்ட்', செங்கல்லை 8 புள்ளியாகச் சுருக்கித் திரைக்குள் இருபது செங்கல்லை அடைத்தது. வழி நன்றாகத் தெரிந்தது. ஆனால் மாரியோ எறும்பளவாகிவிட்டான். இரண்டாவது விளையாட்டைச் செய்தவர்கள் செங்கல்லை மீண்டும் 16 புள்ளியாக்கி, மாரியோவின் முகமும் மீசையும் தெரியும்படி வரைந்தார்கள். அதற்குக் கொடுத்த விலை, திரையின் அகலம் பத்துச் செங்கல்லாகக் குறுகியதே.

எந்தக் கையடக்க விளையாட்டை எடுத்தாலும் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நாயகன் திரையின் நடுவில் நிற்கும்போது அவனுக்கு முன்னால் எத்தனை செங்கல் தெரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு, ஓடிவந்து தாவினால் அவன் எத்தனை செங்கல் கடக்கிறான் என்று எண்ணுங்கள். தாவலின் நீளம் பார்வையின் நீளத்தை நெருங்குகிறது என்றால், அந்த விளையாட்டில் குருட்டுத் தாவல்கள் இருக்கும் என்று பொருள். அவற்றை ஆக்கியவர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்பதே நீங்கள் தேட வேண்டியது.

லேண்ட் 2 இதை மூன்று வழிகளில் சமாளிக்கிறது. மாரியோவின் ஓட்டம் சற்று மந்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் விளையாட்டில் கடந்த வழியில் திரும்ப முடியாது. இதில் இடப்பக்கம் பின்வாங்க முடிகிறது. மூன்றாவது வழி, கேரட்டைத் தின்றால் மாரியோவுக்கு முளைக்கும் முயல் காதுகள். அந்தக் காதுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முயல் காதைச் சோதிப்பது

ஒரு தாவல் விளையாட்டில் சக்தி தரும் பொருள் எதுவாயினும், அது இல்லாமல் ஒரு முறையும் அதனோடு ஒரு முறையும் ஒரே லெவலை ஆடிப் பார்க்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. லேண்ட் 2இல் ஒரு பள்ளத்தின் விளிம்பில் காதில்லாத மாரியோவை நிறுத்துங்கள். எதிர்க்கரை திரையின் ஓரத்தில் அரைகுறையாகத் தெரிகிறது. கீழே என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. பி பட்டனை அழுத்தி ஓடிவந்து, ஏ பட்டனில் தாவி, மனக்கணக்கில் இறங்குகிறீர்கள். அதே இடத்துக்குக் காதுகளோடு வாருங்கள். தாவியபின் ஏ பட்டனைப் பயன்படுத்தினால் காதுகள் படபடக்க, மாரியோ இலை உதிர்வதுபோல மெல்ல இறங்குகிறான். இறங்கும் நேரத்தில் எதிர்க்கரை முழுவதும் திரைக்குள் வந்துவிடுகிறது, அங்கே நிற்கும் எதிரியும் தெரிகிறது, கால் வைக்கும் இடத்தை நீங்கள் திருத்திக்கொள்கிறீர்கள். திரை மறைத்த தூரத்தை நேரமாக்கித் திருப்பித் தரும் ஏற்பாடு இது. இதைவிடப் பொருத்தமான மருந்து அந்தத் திரைக்குக் கிடைத்திருக்காது.

மருந்தின் பக்கவிளைவும் அங்கேயே இருக்கிறது. காதுகள் உள்ளவரை பல லெவல்களின் நடுப்பகுதியை மிதந்தே கடந்துவிடலாம். செங்கல் செங்கல்லாக அடுக்கி வைத்த தடைகளுக்கு மேலாகப் பறந்துபோகும் ஆட்டக்காரர், அந்த லெவலில் என்ன இருந்தது என்றே அறியாமல் முடித்துவிடுகிறார். விளையாட்டு மிக எளிது என்று இதைப் பற்றிப் பலரும் சொல்லும் குறைக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மதிப்பீட்டில் இதை எழுதும்போது "எளிது" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாமல், எந்தப் பொருள் எந்த இடத்தை எளிதாக்குகிறது என்று குறிப்பிடுங்கள். தாவியபின் கீழ்ப் பட்டனை அழுத்தினால் வரும் சுழல் தாவல் செங்கற்களை உடைக்கப் பயன்படுகிறது. மாரியோவுக்கு நெருப்பு வீசும் சக்தி தரும் தீப்பூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எந்தத் திரையில் ஆடுவது

அசல் கேம் பாயின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நிறமும் நான்கே சாயல். வேகமாக நகரும் உருவம் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். முதல் விளையாட்டு இதை உணர்ந்து, பின்னணியைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டிருந்தது. லேண்ட் 2இன் பின்னணி செறிவானது. நின்று பார்க்க அழகாக இருக்கிறது, ஓடும்போது எதிரியும் பின்னணியும் ஒன்றோடொன்று கலங்குகின்றன. ஒரே கிடைக்கோட்டில், நகரும் உருவங்களை ஆக்கும் சிறு துண்டுகளில் பத்துக்கு மேல் கேம் பாயால் காட்ட முடியாது என்பதால், பெரிய உருவங்கள் கூடும் இடங்களில் மினுக்கமும் தென்படும்; எதிரிகள் நெருங்கும்போது ஆட்டமே சற்றுத் தளர்வதையும் காணலாம்.

இதே விளையாட்டு 2023 பிப்ரவரியிலிருந்து நின்டென்டோவின் ஸ்விட்ச் கருவியின் இணையச் சந்தா வழியாகவும் கிடைக்கிறது. வெளிச்சமுள்ள பெரிய திரையில் ஆடினால் மேலே சொன்ன கலக்கம் தெரியாது, ஆனால் பத்துச் செங்கல் பத்தாகவேதான் இருக்கும். ஆகவே எந்தக் கருவியில் ஆடினீர்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுவது நேர்மை. அங்கே ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதியும் உண்டு. முதல் ஆட்டத்தில் அதைத் தொடாதீர்கள். தவறின் விலை என்ன என்பதும் மதிப்பிட வேண்டிய பொருள்களில் ஒன்று. பின்னோக்கி ஓட்டுபவருக்கு அந்த விலை தெரியவே வராது.

வரிசையை மாற்றி ஆடுவது

முதல் விளையாட்டில் நான்கு நாடுகள், பன்னிரண்டு லெவல்கள். சேமிக்கும் வசதி இல்லை. பழகிய கை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். 64 கிலோபைட் கேசட்டுக்குள் அவ்வளவுதான் இடம். லேண்ட் 2இன் கேசட் 512 கிலோபைட், அதாவது எட்டு மடங்கு. வரைபடத்தில் மரம், விண்வெளி, பூதாகார வீடு, பூசணி, ஆமை, மாரியோவின் உருவிலேயே நிற்கும் இயந்திரச் சிலை என ஆறு மண்டலங்கள் விரிகின்றன; ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தங்கக் காசு. அறிமுக லெவலைக் கடந்தபின் எந்த மண்டலத்துக்கும் முதலில் போகலாம். ஆட்டத்தை மூன்று பேர் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளலாம். லெவல்கள் குட்டையாக இருப்பதால், பேருந்து இரண்டு நிறுத்தம் கடப்பதற்குள் ஒன்றை முடித்துக் கருவியை அணைத்துவிட முடிகிறது. கையடக்க விளையாட்டுக்கு இது பெரிய நிறை.

இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், இரண்டு முறை இரண்டு வரிசையில் ஆட வேண்டும். எந்த மண்டலமும் முதலாவதாக இருக்கலாம் என்பதால், எந்த மண்டலமும் மிகக் கடினமாக இருக்க முடியவில்லை. நான் ஒருமுறை பூசணியில் தொடங்கி மரத்தில் முடித்தேன், மறுமுறை வரிசையைத் திருப்பினேன். சிரமம் ஏறுவதாகவோ இறங்குவதாகவோ தோன்றவில்லை. மண்டலங்களைப் பிரித்துக் காட்டுவது சிரமம் அல்ல, கற்பனை. பூதாகார வீட்டில் மாரியோ எறும்புகளோடு எறும்பாகத் திரிகிறான். இயந்திரச் சிலைக்குள் பொம்மைக் கட்டைகளின் மேல் ஓடுகிறான். நீர்யானைச் சிலையின் மூக்கிலிருந்து வரும் குமிழியில் ஏறி விண்வெளிக்குப் போகிறான். அங்கே தாவலின் உயரமும் நீளமும் கூடுகின்றன, திரை மட்டும் கூடுவதில்லை. நீங்கள் தாளில் போட்ட கணக்கு மிக மோசமாக இடிப்பது இந்த மண்டலத்தில்தான்.

காசும் உயிரும்

தாவல் விளையாட்டில் காசு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். நூறு காசுக்கு ஓர் உயிர் என்ற பழைய கணக்கை லேண்ட் 2 கைவிட்டுவிட்டு, 999 வரை சேர்க்கவிடுகிறது. சேர்த்ததை வரைபடத்தில் உள்ள சூதாட்டக் கட்டடத்தில் 30, 50, 200 அல்லது 999 காசு வைத்துச் சுழற்றலாம். உயிரோ சக்திப் பொருளோ விழும். பொறுமையாகக் காசு சேர்ப்பவருக்கு உயிர்ப் பஞ்சம் வருவதில்லை. மறுபுறம், எல்லா உயிரும் போய் ஆட்டம் முடிந்தால், அதுவரை வென்ற தங்கக் காசுகள் எல்லாம் பறிபோய், மண்டலத் தலைவர்களை மீண்டும் வெல்ல வேண்டியிருக்கும். தண்டனை பெரிது, அதைத் தவிர்ப்பதோ எளிது. இந்த இரண்டும் சேர்ந்து பயத்தை உண்டாக்கவில்லை, சலிப்பையே உண்டாக்குகின்றன. கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது என்றே சொல்வேன்.

இசையைக் காதொலிக்கருவி மாட்டிக் கேளுங்கள். கருவியின் ஒற்றை ஒலிபெருக்கியில் இடவலப் பிரிவு தெரியாது. கசுமி டொடகா ஒரே மெட்டைப் பல மண்டலங்களுக்கு ஏற்றபடி வேகமும் சாயலும் மாற்றிப் போட்டிருக்கிறார். அரை மணி நேரம் ஆடினால் இனிக்கிறது, மூன்று மணி நேரம் ஆடினால் அலுக்கிறது. கையடக்கக் கருவியில் யாரும் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஆடுவதில்லை என்று அவர் நினைத்திருந்தால் அதில் தவறில்லை.

பழைய கேசட்டை வாங்கி ஆட விரும்புபவர் ஒன்றைச் சோதித்தாக வேண்டும். சேமித்த ஆட்டத்தைக் காப்பது கேசட்டுக்குள் பற்றவைத்திருக்கும் ஒரு வட்ட பேட்டரி. அதன் வயது முப்பதைத் தாண்டியிருக்கலாம். விற்பவர் முன்னிலையிலேயே ஒரு லெவலை முடித்து, அணைத்து, சிறிது நேரம் விட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். நான் அப்படிப் பார்க்காமல் வாங்கி வந்து, மூன்று தங்கக் காசு வரை போன ஆட்டத்தை மறுநாள் காலை வெறுமையாகக் கண்டேன்.

கடைசியாக வாரியோவின் கோட்டை

ஆறு காசும் சேர்ந்தால் கோட்டைக் கதவு திறக்கும். மாரியோவின் எதிராளியான வாரியோ என்ற பாத்திரம் முதன்முதலில் தோன்றியது இந்த விளையாட்டில்தான். கோட்டைக்கு முன்புவரை லெவல்களின் நடுவே ஒரு மணி இருக்கும். அதைத் தொட்டுவிட்டால் செத்தபின் அங்கிருந்து தொடரலாம். கோட்டையில் மணி கிடையாது. மற்ற எல்லா லெவல்களையும்விட நீளமானது, முட்களும் நெருப்பும் திரையின் ஓரத்திலிருந்து திடீரென்று வருபவை, ஒவ்வொரு சாவுக்கும் வாசலிலிருந்து தொடக்கம். ஆறு மண்டலங்களிலும் ஏறாத சிரமம் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டார்கள்.

ஆனால் இறுதிச் சண்டை நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. முதல் அறையில் வாரியோ குதித்து நிலத்தை அதிர வைக்கிறான். அடுத்த அறையில் கேரட்டைத் தின்று அவனுக்கும் முயல் காது முளைக்கிறது. மூன்றாவதில் தீப்பூவை எடுத்துக்கொண்டு நெருப்பு வீசுகிறான். இத்தனை நேரம் நீங்கள் நம்பியிருந்த பொருள்களே உங்களுக்கு எதிராகத் திரும்புகின்றன. மூன்று அறையும் சிறியவை என்பதால் மறைவிலிருந்து வரும் அடி இல்லை. தோற்றால் தவறு உங்களுடையதுதான். இந்த நியாயம் கோட்டையின் முற்பகுதியில் இல்லாததைக் குறையாகவும், இங்கே இருப்பதை நிறையாகவும் தனித்தனியே எழுதுங்கள். அதை எழுதுவதற்கு நீங்கள் அங்கே போய்ச் சேர வேண்டும்: சூதாட்டக் கட்டடத்தில் உயிர்களைச் சேர்த்துக்கொண்டு, கேரட்டோடு கிளம்பி, கோட்டைக்குள் எந்த இடத்திலும் ஓடாமல், ஒவ்வொரு முறையும் நான்கு செங்கல் மட்டுமே நகருங்கள்.